பதினோரு நாள் படங்கள்

நவம்பர் 6, திங்கள்

சனிக்கிழமை காலை விழுந்த இடியில் பாளையங்கோட்டை ஓர் அடி மேலே எழும்பி, கொஞ்சம் வடக்கே தள்ளி உட்கார்ந்தது. தாமிரபரணி பயந்துபோய் அரைமணி நேரம் பாபநாசத்தைப் பார்த்துத் திரும்பி ஓடியதாகக் கேள்வி. அந்த இடியில் கரண்ட் போனது. எங்கள் கண் மருத்துவமனையின் சர்வர் ஒருமுறை அணைந்து தானாகவே எழுந்துகொண்டது. அதை ஒரு சேதமாகவே நான் மதிக்கவில்லை. நான் என்றால் சுயம்புலிங்கம், வயது ஐம்பத்தேழு. இம்மருத்துவமனைக் கணினிப் பிரிவின் சக்கரவர்த்தி, தளபதி, தூசி துடைக்கிற ஆள் எல்லாம் ஒருவனே.

இன்று காலை சுரண்டையிலிருந்து மாடக்கண்ணு என்ற பஸ் டிரைவர் வந்தார். சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டு ஊசி போட்டுக்கொண்டவர். ஊசி வேலை செய்ததா என்று தெரிய வேண்டுமானால் அக்டோபர் 27-ல் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பழைய படத்தைக் காணோம்.

காமிரா அறையில் இருக்கும் மரிய புஷ்பம்தான் முதலில் தேடினாள். பத்தொன்பது வருடமாக விழித்திரைப் படம் எடுக்கிறவள். பிறகு நான் தேடினேன். பிறகு டாக்டர் கோமதிநாயகமே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து தேடினார்.

அக்டோபர் 24 முதல் நவம்பர் 3 வரை பதினோரு நாள் படங்கள் மொத்தமாக இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய கண்கள்.

மாடக்கண்ணு கேட்டார், "அப்ப எனக்குத் தெளிஞ்சிருக்கா, மோசமாயிருக்கான்னு எப்படிய்யா சொல்லுவீய?"

பார்மசியில் பிரிண்டர் காகிதத்தைத் தின்கிறது என்று கூப்பிட்டார்கள். போய் அதன் வாயிலிருந்து நாற்பது பக்கம் உருவினேன்.

நவம்பர் 7, செவ்வாய்

பழி புஷ்பத்தின் மேல் விழுந்துவிட்டது. காரணம் இருக்கிறது. இமைத்துவிட்டதால் வீணான படங்களை அழிக்கும்படி அக்டோபர் 30 அன்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் அழித்தாள். வீணானதோடு நல்லதையும் வாரிக்கொண்டு போய்விட்டாள் என்பது டாக்டரின் தீர்ப்பு. புஷ்பம் இல்லவே இல்லை என்கிறாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன வே சுயம்பு, ஜூன் மாசம் சர்வருக்குள்ள காவக்காரன் வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சீரே. அவன் எங்க?"

அடித்தேன்தான். உலகத்தில் ஏழு பேரால் மட்டுமே முடிந்த காரியம் என்றும், மற்ற ஆறு பேரும் ரிட்டையர் ஆகிவிட்டார்கள் என்றும் சொன்னதாக நினைவு.

விஷயம் இதுதான். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. ஒரு டிஸ்கைச் சொருகினால் மட்டும் போதாது. கெர்னல் அதை ஒரு ஃபோல்டரோடு சேர்த்து மாட்டவேண்டும். அது மவுண்ட். கழற்றினால் அன்மவுண்ட். இந்த மாட்டலும் கழற்றலும் நடக்கிறபோதெல்லாம் எப்போது, எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், யாருடைய லாகினிலிருந்து என்று ஒரு வரி எழுதிவைக்கும்படி செய்தோம். அதுதான் என் காவல்காரன். எழுதியது பெங்களூரில் கெர்னல் வேலை பார்க்கும் என் அக்கா மகள் உலகு. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். மேற்பார்வை நான், அதாவது இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் இன்று வரை அந்த லாக்கை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. காவல்காரன் வைத்தபிறகு நாமும் முழித்திருந்தால் அவனுக்கு என்ன மரியாதை?

"அழிச்சதை அது எழுதாது சார். டிஸ்கை மாட்டுனது, கழட்டுனதை மட்டும்தான் எழுதும்" என்றேன்.

"எழுதுனதைக் கொண்டாரும். வேற எவனும் டிஸ்க்ல கைவச்சிருந்தா தெரியும்லா. பதினஞ்சாந்தேதிக்குள்ள ஒண்ணும் தெரியலைன்னா புஷ்பம் வேற வேலை பாத்துக்கிட வேண்டியதுதான். அதுவரைக்கும் காமிரா பக்கம் போகவேண்டாம்."

புஷ்பம் காமிராச் சாவியை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்து, "எப்படியாவது பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். இந்திரனின் வச்சிராயுதமே என் பையில் இருப்பதுபோல் தலையாட்டினேன்.

நவம்பர் 8

லாக்கைத் திறந்தேன். மொத்தம் பன்னிரண்டு வரி. தலைவலி. தைலம் தேய்த்துக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

இன்று செய்த வேலைகள்: வரவேற்பறைக் கம்ப்யூட்டர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, முறுக்குத் துண்டுகள் முதல் ஒரு மூக்குத்தித் திருகாணி வரை மீட்டது. மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்த வயரை ஆணியடித்துக் கட்டியது. மருத்துவமனைக் கண்ணாடிக் கடையின் கம்ப்யூட்டர் திரையில் தூசி துடைத்தது. ஒரே நாளில் இவ்வளவு வேலை செய்த மனிதன் இதற்குமுன் பிறந்ததில்லை.

டாக்டர் இரண்டு முறை கேட்டார். "லாக் என்னாச்சு வே?"

"கெர்னல் எழுத்து சார். கல்வெட்டு படிக்கிற மாதிரி. ஒவ்வொரு எழுத்தா சுரண்டணும்."

"எத்தனை நாள் சுரண்டுவீரு?"

"அவசரப்பட்டா அர்த்தம் மாறிடும்."

மாலையில் புஷ்பம் வந்தாள். ஃபைல் அடுக்குகிற அறையில் போட்டிருக்கிறார்கள், முந்தானையெல்லாம் தூசி.

"அண்ணாச்சி, அதுல என் பேரு இருக்கா?"

"இல்ல தாயி."

"நல்லாப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"அப்ப யாரு பேருதான் இருக்கு?"

பார்மசியில் யாரோ கூப்பிடுவதுபோல் எனக்குத் தோன்றியது. எழுந்து போனேன். அங்கே யாரும் கூப்பிடவில்லை என்றார்கள். இருந்தாலும் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

புஷ்பம் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "வீட்டுல யோசிச்சுக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி. முப்பதாந்தேதி அழிக்கும்போது மொத்தமா செலக்ட் ஆகியிருக்குமோ? வர வர எனக்கே நான் அழிச்ச மாதிரி ஞாபகம் வருது. சுட்டுவிரல்ல அந்த பட்டனை அமுக்குன மாதிரிகூட இருக்கு. நான்தான் அழிச்சேன்னு லெட்டர் எழுதிக் குடுத்துரலாம்னு பாக்கேன்."

"எழுதாத."

"ஏன்?"

"சும்மாத்தான் சொல்லுதேன். எழுதாத."

முதல்நாள் இல்லவே இல்லை என்று சொன்ன பெண். செய்யாத ஒன்றை மனுஷ மனசு நான்கே நாளில் செய்ததாக எழுதிக்கொள்கிறது. கெர்னலுக்கு அந்தத் திறமை கிடையாது. நடந்ததைத்தான் எழுதும்.

மழை. குடையை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, தீபாவளி

மகாராஜநகரில் அக்கா வீடு. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, தீபாவளி என்றால் அக்கா வீடுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்து நான்கு இட்லிதான் சாப்பிட்டேன். அக்கா பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வழக்கமாக இருபத்தெட்டு.

உலகு பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்ன மாமா, மூஞ்சி புஸ்வாணம் புஸ்ஸுன்னு போன மாதிரி இருக்கு?"

பதினோரு நாள் படம் காணாமல் போனதைச் சொன்னேன். புஷ்பத்தைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தினேன்.

"லாக் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"காட்டுங்க."

போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். ஏன் பிடித்தேன் என்று கேட்டால் தெரியாது. அவள் விரலால் பெரிதாக்கி வாய்விட்டுப் படித்தாள். "அக்டோபர் 20, புது டிஸ்க், மவுண்ட். அக்டோபர் 23, பதினொண்ணு நாப்பது, புது டிஸ்க், அன்மவுண்ட், சுயம்பு. நவம்பர் 4, சர்வர் எழுந்தப்போ தானா மவுண்ட்." போனை இறக்கினாள். "இருபத்திமூணுல இருந்து நாலு வரைக்கும் டிஸ்கே இல்ல. மாமா, இருபத்திமூணாந்தேதி என்ன?"

"ஆயுத பூஜை."

"அதுக்கு?"

"புது டிஸ்க்லா. முதல் ஆயுத பூஜை. ஸ்டெதஸ்கோப்பு, லென்சு எல்லாம் சாமிக்கு முன்னால வச்சாங்க. பூஜைக்கு வச்ச ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் எடுத்துப் புழங்கக்கூடாதுல்லா? முறைப்படி அன்மவுண்ட் பண்ணி, வெளிய எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சு..."

"டிஸ்குக்கு ரெஸ்ட்!"

"மறுநாள் காலையில திருப்பிச் சொருகிட்டேன் உலகு. மவுண்ட் கமாண்ட் அடிக்கப்போறேன், சர்க்கரைப் பொங்கலுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"போயிட்டீங்க."

"நெய் சொட்டச் சொட்ட இருந்துச்சு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இருபதுல இருந்து நீங்க கழட்டுற வரைக்கும் அந்த டிஸ்க்ல ஏறுன மூணு நாள் படத்தை யாரும் தேடலையா?"

"மூணு நாள் படம்தான அதுல இருந்துச்சு. மத்ததெல்லாம் பழைய டிஸ்க்ல. யாரும் கேக்கல. அந்தப் பதினோரு நாளும் காமிரா எங்கயும் எழுதாம... எல்லாம் போச்சு. என்னாலதான்."

"போகல மாமா." மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "டிஸ்கைக் கழட்டினாலும் ஃபோல்டர் அங்கதான் இருக்கும். காமிரா பாட்டுக்கு அந்த வெறும் ஃபோல்டர்ல எழுதியிருக்கும். நாலாந்தேதி டிஸ்க் அதுமேல மவுண்ட் ஆயிருச்சு. ஒரு இலையில சாப்பாடு வச்சிருக்கு, அதுமேல இன்னொரு இலையைப் போட்டு மூடியாச்சு. மேல் இலையை மட்டும் பாத்துட்டு ஒண்ணுமே இல்லங்கிறீங்க. அடியில பொரியல்ல இருந்து அப்பளம் வரைக்கும் அப்படியே கிடக்கு. டிஸ்கைக் கழட்டிப் பாருங்க, அத்தனையும் இருக்கும்."

நான் அவளைத் தூக்கிச் சுற்றாததற்குக் காரணம் அவளுக்கு வயது முப்பத்தொன்று, எனக்கு இடுப்பு வலி.

இறங்கும்போது கேட்டாள், "அஞ்சு நாளா அந்த அக்காகிட்ட சொல்லவே இல்லையா?"

கீழே யாரோ சரம் கொளுத்தினார்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நவம்பர் 13, திங்கள்

வெற்றி! மூவுலகும் அதிரும் வெற்றி!

காலை ஒன்பதரைக்கு டாக்டரையும் ஊழியர்களையும் சர்வர் அறை வாசலில் நிறுத்திவைத்து, டிஸ்கை அன்மவுண்ட் செய்தேன். அடியில் இருந்த ஃபோல்டர் திறந்தது. பதினோரு நாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு படம் குறையவில்லை. மாடக்கண்ணுவின் இரண்டு கண்களும் ஆரஞ்சு நிறத்தில் வரிசையில் முன்னால் நின்றன. எல்லாவற்றையும் பத்திரமாக வேறிடத்துக்கு நகர்த்தி, டிஸ்கை மறுபடி மாட்டி, உரிய இடத்தில் சேர்த்தேன். பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். டாக்டர் அறையில் யாரோ போர்த்திவிட்டுப் போன பொன்னாடை ஒன்று இருந்தது. அதை எனக்குப் போர்த்தினார். நான் இருபது நிமிடம் பேசினேன். பூமிக்குள் புதைந்த நகரங்களைத் தோண்டி எடுத்தவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொண்டேன், அவர்களுக்கு மண்வெட்டியாவது இருந்தது என்றேன்.

"எல்லாம் சரி வே. படம் அடியில எப்படிப் போச்சு?" என்றார் டாக்டர்.

"இடி, மின்சாரம், கெர்னலோட சூட்சுமம்... பல காரணம் சார்."

டாக்டர் தாமே முடிவுக்கு வந்தார். "புஷ்பம் அழிக்கப்போய் எதையோ இடம் மாத்திருக்கு. போகட்டும். படம் கிடைச்சதால வேலையை விட்டு அனுப்பல. ஆனா இனிமே காமிரா வேண்டாம். டோக்கன் கவுண்டர்ல இருக்கட்டும்."

பொன்னாடை வழுக்குகிற துணி. தோளிலிருந்து நழுவாமல் பிடிப்பதிலேயே என் கவனம் இருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

புஷ்பம் முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்தாள். நாகர்கோவிலில் அவள் நாத்தனார் செய்ததாம்.

"நீங்க இல்லைன்னா என் வேலை போயிருக்கும் அண்ணாச்சி. பிள்ளைகள்ட்ட சொன்னேன், ஜெபத்துல அண்ணாச்சி பேரையும் சேத்துக்கோங்கன்னு."

"காமிரா இல்லாம..."

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்கே பயமா இருக்கு. என்னத்த அமுக்குனேன்னே தெரியாம இத்தனை பேரு கண்ணை மறைச்சு வச்சிருக்கேனே. டோக்கன்னா தப்பு நடந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

முந்திரிக்கொத்தில் நாலு தின்றேன். ஐந்தாவது இறங்கவில்லை. காமிரா அறையில் புதிதாக உட்காரவைத்த பையன் எடுத்ததில் பாதிப் படம் இமை. நோயாளிகள் சலித்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் 15, புதன்

லாக்கைத் திறந்தேன். திங்களன்று நான் கழற்றி மாட்டியதையும் எழுதியிருக்கிறது. இப்போது பதினான்கு வரி. ஒன்றை எடுத்தால் பதிமூன்று. இருபதாம் தேதி மாட்டிய டிஸ்க், கழற்றாமலே நாலாம் தேதி மறுபடி மாட்டப்பட்டிருக்கும். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கிற ஆள் இந்த ஜில்லாவில் இல்லை. கண்டுபிடிக்கக்கூடியவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த வரியின்மேல் கர்சர் நின்று சிமிட்டிக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போனது. ஏடு கட்டிவிட்டது.

நான் சொல்லும் கதைகளில் ஆறு திரும்பி ஓடும், ஊர் எழும்பி உட்காரும். யாருக்கும் நஷ்டமில்லை, கேட்கிறவர்களுக்கும் தெரியும். திங்கட்கிழமை நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றேன், அவ்வளவுதான். எத்தனையோ பெரிய புளுகுகளைச் சுமந்த தோள் இது, அந்த மௌனத்தைச் சுமக்க மாட்டேன் என்கிறது. கெர்னல் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கேட்டால் சொல்கிறது. கேட்டவர்கள் இரண்டு பேர், டாக்டரும் புஷ்பமும். இரண்டு பேருக்கும் குறுக்கே நின்றது நான்.

உலகுவிடமிருந்து மெசேஜ்: "மாமா, சொல்லியாச்சா?"

எதையும் அழிக்காமல் மூடினேன். பதில் போடவில்லை.

நவம்பர் 16, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். முதல் தடவை பூஜையிலிருந்து ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டேன். "சுருக்கமாச் சொல்லும் வே" என்றார். சொன்னேன். டிஸ்கைக் கழற்றியது நான். மாட்ட மறந்தது நான். எட்டாம் தேதியே தெரியும்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "எட்டாந்தேதியே தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளைய நான் என்ன பேச்சு பேசிட்டேன்." பிறகு, "சரி, விடும். எல்லாருக்கும் முன்னால உமக்குப் பொன்னாடை போத்தியிருக்கேன். இப்பப் போய்ச் சொன்னா எனக்கும் அசிங்கம். நாளையில இருந்து புஷ்பத்தைக் காமிராவுல உக்காரச் சொல்லுதேன். உம்மைப் பத்தி அப்புறம் யோசிக்கேன்."

டோக்கன் கவுண்டருக்குப் போய்ப் புஷ்பத்திடமும் சொன்னேன். அவள் கையில் முப்பத்தாறாம் நம்பர் டோக்கன் இருந்தது. அதைக் கொடுக்காமலே பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற கிழவர், "ஏளா, குடு" என்றார்.

கொடுத்துவிட்டுக் கேட்டாள். "நான் லெட்டர் எழுதப்போறேன்னு சொன்ன அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. சாப்பாட்டு ரூம்ல சொன்னியளா?"

"டாக்டர் வேண்டாம்னு..."

"கைதட்டுன பதினெட்டுப் பேரும் அங்கதான் சாப்பிடுதாவ" என்றாள். "முப்பத்தேழு!"

நவம்பர் 17, வெள்ளி

மதியம் ஒன்றே கால். சாப்பாட்டு அறை நிறைந்திருந்தது. எழுந்து நின்று சொன்னேன். படங்கள் காணாமல் போனதற்கு நான்தான் காரணம், புஷ்பம் ஒன்றும் செய்யவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள்.

பார்மசி சங்கரவடிவு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே, "புஷ்பத்துக்காக அண்ணாச்சி பழியைத் தூக்கிச் சுமக்காவ பாத்தியளா! என்ன மனசு!" என்றாள். இரண்டு பேர் மறுபடியும் கைதட்டினார்கள். வரவேற்பறை ஆவுடைநாயகம், "விட்டா அந்த இடியையும் நான்தான் போட்டேம்பாரு" என்றார். நான் சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் சிரிப்பு. இந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு கதைக்கும் நான் செய்த சத்தியம்தான் அது.

புஷ்பம் சிரிக்கவில்லை. தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு குனிந்திருந்தாள்.

சட்டைப் பையில் லாக்கின் பிரிண்ட் இருந்தது. மேசையில் விரித்து, அந்த ஒரு வரியைப் படித்தேன். "அக்டோபர் 23. 11:40. புது டிஸ்க். அன்மவுண்ட். சுயம்பு." அதற்கு அடுத்த வரி நவம்பர் 4 என்பதையும் படித்தேன். நடுவில் வேறு வரி இல்லை என்று காட்டினேன்.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. "அன்னைக்குச் சாமிக்கு முன்னால குங்குமம் வச்சு ஒரு டப்பா இருந்துச்சே, அதுவா?" என்று சங்கரவடிவு மெதுவாகக் கேட்டாள்.

"அதுதான்."

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

புஷ்பம் கை கழுவிவிட்டு வந்தாள். தாளை எடுத்து, வரியின் அடியில் விரலை வைத்து ஒருமுறை படித்தாள். போனில் படம் பிடித்தாள். "வீட்டுக்காரருக்கு அனுப்பணும். மறதிக்கு டாக்டரைப் போய்ப் பாருன்னு பத்து நாளா சொல்லிக்கிட்டு இருக்காவ."

"புஷ்பம், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் சேத்துச் சொல்லாதீங்க அண்ணாச்சி. இதுல எழுதியிருக்கதே போதும்."

தாளை என்னிடம் தரவில்லை. சுவரில் ஷிப்டு அட்டவணைக்குப் பக்கத்தில் குண்டூசியால் குத்திவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மணிக்குக் காமிரா அறை வழியாக நடந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் குரல். "தாடையை இதுல வைங்க. நேரா வெளிச்சத்தைப் பாருங்க. நான் சொல்லுற வரைக்கும் இமைக்கக் கூடாது."